வயிற்றின் மேல் அதிராத வட்டு

மாமனாரின் கணையம் இறுகியிருக்கிறதா என்பது அன்று மாலைக்குள் தெரிந்தாக வேண்டும். இறுகியிருந்தால் ஆபரேஷன், இல்லையென்றால் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். ஸ்கேன் படம் எடுப்பவள் மருமகளேதான்.

மேல்வயிற்றில் ஒரு வட்டை வைத்து வாரால் கட்ட வேண்டும். ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவள் உட்காரும் இடத்தில் இருக்கும் பம்பு, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளித் தள்ளி வட்டை அதிர வைக்கும். அந்த அதிர்வு உள்ளே பரவும் விதத்தைப் படமெடுத்தால் உறுப்பின் இறுக்கம் தெரிந்துவிடும். நோயாளி மூச்சை விட்டுவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். தொடங்குமுன் "அதிருதா?" என்று கேட்பது முறை. மாமனாரின் சட்டையில்லாத வயிற்றில் கைவைக்க அவளுக்குக் கூச்சம். அவசரமாகக் கட்டிவிட்டு, கேட்காமலே வெளியே வந்துவிட்டாள்.

முதல் படத்தில் அலையே இல்லை. வெறும் புள்ளிகள்.

"மாமா, மூச்ச முழுசா விட்டுட்டு அப்படியே இருங்க," என்றாள் மைக்கில்.

மறுபடியும் புள்ளிகள். பக்கத்தில் நின்ற டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் மூக்குமேல் வந்தது.

"என்ன மாமா நீங்க! ஆயுசு பூரா பஸ்ல விசில் ஊதின ஆளு, மூச்சு பிடிக்கத் தெரியாதா? சின்னப் புள்ளைங்ககூட ஒழுங்கா செய்யுது!"

வெளியே யாரோ சிரித்தார்கள். ஸ்பீக்கரில் மாமனாரின் பதில் வந்தது. "மன்னிச்சுக்கம்மா. இந்தத் தடவ சரியா பண்றேன்."

மூன்றாவதும் அப்படியே.

"அவரால முடியல, விடுங்க. சர்ஜன் திறந்தே பாத்துக்கட்டும்," என்று டாக்டர் போனை எடுத்தார்.

அவள் பதறி எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டது. அதன் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்த குழாய் மெல்ல உப்பி எழுந்தது.

"ஒரே ஒரு தடவ, டாக்டர்," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

"மாமா, வயித்துல ஏதாவது அதிர்ந்துச்சா?"

"இல்லம்மா. மொதல்லேருந்தே ஒண்ணுமில்ல."

"சொல்லக் கூடாதா?"

"டாக்டர் உன் பக்கத்துல நின்னாரே. நான் எதையாவது சொல்லி, உனக்குக் கெட்ட பேரு வந்துட்டா?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாரை மறுபடி இழுத்துக் கட்டினாள்.

இந்த முறை அலைகள் வரிவரியாக வந்தன. கணையம் மெத்தென்றுதான் இருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்.

வெளியே மாமியார் காத்திருந்தாள். "ஏன் இவ்ளோ நேரம்?"

"எனக்குத்தான் மூச்சு பிடிக்கத் தெரியல," என்றார் மாமனார்.

"வாயத்தான் அடக்கத் தெரியாதுன்னு நெனச்சேன், மூச்சுமா? என் மருமகள என்ன பாடு படுத்துனீங்களோ!"

வரிசையில் இருந்தவர்களும் டாக்டரும் சிரித்தார்கள்.

"இல்ல அத்தை," என்றாள் அவள். "நான்தான் குழாய் மேல நாற்காலியப் போட்டு உக்காந்திருந்தேன். மாமா ஒழுங்காத்தான் மூச்சு பிடிச்சாரு."

டாக்டரின் சிரிப்பு நின்றது. மாமனார் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டே, "விடும்மா, எல்லாருக்கும் கேக்குது," என்றார் தணிந்த குரலில்.

"கேக்கட்டும் மாமா. திட்டினதும் எல்லாருக்கும் கேட்டுச்சே."