சம்பந்தி வீட்டுச் செயின் கவர்

பல் டாக்டரின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, செருப்பைக் கழற்றும்போதே, "நல்ல குடும்பம். எனக்குச் சரி," என்றார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, இல்லாவிட்டால் கடைக்காரரின் நிம்மதியைக் கெடுத்துவிட்டு வருவது அவர் வேலை. வீட்டுக்குப் புது வாளி வாங்கினால்கூட லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டார். மகளுக்கு வந்த வரன்களில் ஒருவரை, பேசும்போது கதவையே பார்க்கிறார் என்று தள்ளினார். இன்னொருவரை, கதவைப் பார்க்கவே இல்லை, ரொம்பத் துணிச்சல் என்று தள்ளினார்.

அதனால்தான் மகள் பல் டாக்டரிடம், "எங்கப்பா சரின்னு சொல்லணும். அவர் சரின்னா அது சரியா இருக்கும்," என்று சொல்லியிருந்தாள். அவள் மருந்துக்கடை நடத்துபவள். கடைக்கு மேல் மாடியில்தான் அவருடைய கிளினிக். அவர் எழுதிய சீட்டு முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது எழுத்து தெளிவாகப் படிக்கும்படி இருந்தது. போலி டாக்டரோ என்று சந்தேகப்பட்டு மாடியேறிப் போனவள், திரும்பி வரும்போது கொஞ்சம் மெதுவாக இறங்கி வந்தாள்.

"அவங்க அம்மா எப்படி?" என்று அம்மா விசாரணையைத் தொடங்கினாள். பள்ளியில் தேர்வு வேலை இருந்ததால் அவளால் கூடப் போக முடியவில்லை.

"நல்ல மாதிரி."

"வீடு?"

"பின்னாடி கொட்டகை இருக்கு. தகரக் கூரை. ஒழுகல."

"மாப்பிள்ளை?"

"இருந்தாரு."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏங்க, அந்தக் கொட்டகையில என்ன இருந்துச்சு?"

அப்பா கை கழுவப் போனார். குழாய் நின்ற பிறகு, "ஒரு சைக்கிள்," என்ற குரல் மட்டும் வந்தது.

அந்த வீட்டில் சைக்கிள் என்ற சொல்லை யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் அப்பா பழைய இரும்புக்கடைக்குப் போய், ஒரு சைக்கிளின் எலும்புக்கூட்டைத் தோளில் சுமந்து வந்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்பே தயாரிப்பை நிறுத்திவிட்ட ரகம் அது. அன்றிலிருந்து அதன் மீதி உடம்பைத் தேடுகிறார். பிரேக் கம்பி ஒரு மூடிப்போன பள்ளிக்கூடத்தின் பின்புறம் கிடைத்தது. அங்கே அது ஜன்னலைத் திறந்து நிறுத்தும் கம்பியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மணிக்காக ஒரு முழு சைக்கிளையே வாங்கினார். குளியலறையில் பெடல் ஊறிக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் வாளியில் அம்மா ஒருமுறை துணியை நனைத்துவிட்டாள். சக்கரத்தின் அச்சு குளிர்ந்து சுருங்கினால்தான் உள்ளே போகும் என்று, அது ஐஸ்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் படுத்திருந்தது. விருந்தாளி ஒருவர் தண்ணீருக்கு ஐஸ் எடுக்கப் போய் அதை எடுத்து வந்து, எதுவும் கேட்காமல் மேஜையில் வைத்தார்.

இன்னும் கிடைக்காதது செயின் கவர் ஒன்றுதான். சங்கிலியை முழுக்க மூடும் நீளமான தகரப் பெட்டி, நடுவில் எண்ணெய் விட ஒரு சின்ன மூடி. புதிதாகச் செய்து தருகிறேன் என்றார் ஒரு பட்டறைக்காரர். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தச் சைக்கிள்ல செயின் கவர் இருந்துச்சா?" என்று மகள் கேட்டாள்.

"இருந்துச்சு."

"அதுக்காகத்தான் சரின்னு சொன்னீங்களா?"

"சே சே," என்றார் அப்பா. ஆனால் இரண்டாவது 'சே' கொஞ்சம் தாமதமாக வந்தது.

மகளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்பா மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்; அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். சரி என்று சொன்ன மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? மறுநாள் கடைக்கு வந்த பல் டாக்டரிடம், "அப்பா உங்களப் பத்தி என்ன கேட்டாரு?" என்றாள்.

அவர் யோசித்தார். "கொட்டகை விளக்கோட ஸ்விட்ச் எங்க இருக்குன்னு கேட்டாரு."

"வேற?"

"டார்ச் இருக்கான்னு."

தேதி குறிப்பதற்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூவருமாகப் போனார்கள். வழியில் அம்மா, "கொட்டகைப் பக்கம் போனீங்க, அவ்வளவுதான்," என்றாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் அடக்கமாக நடந்து வந்தார்.

டாக்டரின் அம்மா, ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ். இப்போது ஓய்வு. எத்தனையோ பேரை அதட்டி முக்க வைத்த குரல், இன்னும் அதே அளவில் இருந்தது. நாற்காலிகளைக் காட்டி, "உக்காருங்க" என்றபோது மூன்று பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். மண்டபம், சமையல்காரர், யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அப்பா, கை கழுவ வேண்டும் என்று எழுந்தார்.

பேச்சு மண்டபத்திலிருந்து நாற்காலி வாடகைக்கு வந்தது. அப்பா வரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கையில அப்படி என்ன ஒட்டியிருக்கு?" என்றார் நர்ஸம்மா.

அப்போது பின்பக்கத்திலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. ஒரு அடி. ஒரு இடைவெளி. இன்னொரு அடி. பிறகு இரும்பு ஏதோ தரையில் உருளும் ஓசை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கொட்டகையில் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் கறுப்பாக இருந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்க, பெடலைத் தாங்கும் தண்டு கோணலாகத் தொங்கியது. செயின் கவரின் திருகுகள் கைக்குட்டையில் வரிசையாக இருந்தன.

"உள்பக்கம் ஒரு நம்பர் அடிச்சிருப்பாங்க," என்றார் அப்பா, வாசலில் நின்ற எல்லோருக்கும் பொதுவாக. "அதப் பாத்தா எந்த வருஷம்னு தெரியும். பாத்துட்டு மாட்டிடலாம்னுதான். தண்டைக் கழட்டினாத்தான் கவர் வரும். தண்டைப் பிடிச்சிருக்கிற பின் வர மாட்டேங்குது."

வராது. பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் அந்த ஆப்பு, விரல் நீளம்கூட இல்லாதது. கீழே முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அதன் தலை காளான்போல விரிந்து, முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. இது அப்பாவுக்குத் தெரியாததல்ல. அவசரம்.

"சம்பந்தின்னு கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றார் நர்ஸம்மா. "மெக்கானிக்னு கூப்பிடவா?"

"மன்னிச்சுக்கங்க. ஆனா நான் ஒண்ணு சொல்லணும்." அப்பா எழுந்து நின்றார். மகளைப் பார்த்தார். "செயின் கவருக்காகச் சரின்னு சொன்னேன்னு நீ நெனைக்கிற. அப்படி இல்ல. அன்னிக்கு அந்தச் சின்ன மூடியத் திறந்து பாத்தேன். உள்ள புது எண்ணெய். யாரும் ஓட்டாத சைக்கிள், டாக்டரோட அப்பா விட்டுட்டுப்போன சைக்கிள். அதுக்கு இவர் விடாம எண்ணெய் போட்டு வெச்சிருக்கார்னா, அந்த மனுஷன் எதையும் பாழாக விடமாட்டாரு. உன்னையும்தான். அதனாலதான் சரின்னேன்."

மகள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாகூட ஒரு நொடி அந்தச் சட்டையை மன்னித்தாள்.

"எண்ணெய் போடறது நான்," என்றார் நர்ஸம்மா. "அது என் சைக்கிள். எம்புருஷனுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. பின்னாடி உக்காந்து வருவாரு."

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் அதத் தொட்டதே இல்லைங்க சார்."

"யாரும் ஓட்டாத சைக்கிளா? காலைல பால் வாங்க அதுலதான் போய்ட்டு வந்தேன். டயரப் பாருங்க," என்றார் நர்ஸம்மா.

எல்லோரும் டயரைப் பார்த்தார்கள். ஈர மண் அப்பியிருந்தது. ஒரு இலைகூட ஒட்டியிருந்தது. தெருவில் போகிற எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். பழைய சைக்கிள் என்றால் யாரோ மறந்து போட்ட சைக்கிள் என்று நினைத்தே பழகியிருந்த அப்பா, இரண்டு முறை வந்தும் டயரைப் பார்க்கவில்லை.

மகள் முன்னால் வந்தாள். "அப்பா, உங்க முத்திரை செல்லாது."

"ஏன்மா?"

"நீங்க எடை போட்டது இவர இல்ல. இவங்க அம்மாவை."

"அதுல தப்பில்லையே," என்றார் நர்ஸம்மா.

"தப்பில்ல அத்தை. ஆனா நான் கட்டிக்கப்போறது இவர. எனக்கு இவருக்கான சரி வேணும்ப்பா. இல்லேன்னா இல்லைன்னு சொல்லுங்க. கொட்டகையப் பாத்துச் சொல்லாதீங்க."

அப்பா கைக்குட்டையில் கையைத் துடைக்கப் போய், அதில் திருகுகள் இருப்பதைப் பார்த்து, சட்டையிலேயே துடைத்தார். "மண்ணெண்ணெய் இருக்கா?" என்றார். "பின்ல விட்டு ஊற வைக்கணும். கொஞ்ச நேரம் ஆகும். டாக்டர் இருக்கட்டும். நீங்கள்லாம் உள்ள போங்க."

யாரும் உள்ளே போகவில்லை. மண்ணெண்ணெய் வந்தது. அப்பா அதைப் பின்னின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு ஒரு பலகையை இழுத்து டாக்டரை உட்கார வைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார்.

"எம்பொண்ணுகிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன?"

டாக்டர் மகளைப் பார்த்தார்.

"அங்க பாக்காதீங்க. இங்க சொல்லுங்க."

"நாம கேள்வி கேட்டா, நாம சொல்ல வந்த பதிலையும் சேத்து அவங்களே சொல்லிடுவாங்க. அப்புறம் அதுக்குக் கோபமும் படுவாங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள் மகள். "நான் எப்ப கோபப்பட்டேன்? போன வாரம் பட்டேன்னு சொல்லுவீங்க, அது வேற விஷயம்."

"இருக்கு," என்றார் அப்பா டாக்டரிடம். "சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வாயைத் திறந்து வெச்சிருக்கறவங்ககிட்டயே பேசிப் பழகிட்டேன் சார். எனக்கு யாரும் பதில் சொல்றதில்ல. இவங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசறது எனக்கு ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு."

அப்பா பின்னைத் தொட்டுப் பார்த்தார். தராசுத் தட்டு அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கும் அதே முகம்.

"இப்ப அடிக்கணும்," என்றார். ஒரு இரும்புக் குழாய்த் துண்டை எடுத்துத் தண்டுக்குக் கீழே வைத்தார். அதை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். டாக்டர் குனிந்து கையை நீட்டினார். அப்பா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். நகம் ஒட்ட வெட்டிய, சுத்தமான, நடுக்கமில்லாத கை.

"எடுங்க," என்றார். "அது வேலைக்குப் போற கை. சுத்தியலப் புடிங்க. நான் கீழ பிடிக்கிறேன்."

"ஏங்க, அவருக்கு அடிச்சுப் பழக்கம் இல்ல," என்றாள் அம்மா.

"இல்லதான்."

டாக்டர் சுத்தியலைக் கையில் எடைபார்த்தார். நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன குரலில், "வலிச்சா இடது கையைத் தூக்குங்க," என்றார்.

"இடது கைதான் கீழ இருக்கு."

"அப்ப சொல்லுங்க."

முதல் அடியில் பின் அசைந்தது. இரண்டாவது அடியில் அப்பா "ம்" என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை. மூன்றாவதில் பின் துள்ளி விழுந்தது. தண்டு கழன்றது. செயின் கவரை அப்பா இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். நர்ஸம்மா, "தலையப் புடிங்க, தலைய," என்றார், பழக்கத்தில்.

அப்பா கவரை வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்பக்கத்துப் பிசுக்கைக் கட்டைவிரலால் தேய்த்தார். அந்த விரல் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. குனிந்து படித்தார். மறுபடி தேய்த்து, மறுபடி படித்தார்.

"வேற வருஷம்," என்றார்.

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"என் சைக்கிளுக்குச் சேராது. அடுத்த வருஷம் துளையோட இடத்த மாத்திட்டாங்க. இது அதுக்கப்புறம் வந்தது." கவரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் இனி அவருக்கு எதுவும் இல்லை. "அப்ப, கல்யாணம்?" என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. இந்த முறை பதிலையும் அவளே சொல்லவில்லை.

அப்பா வீங்கிய விரலை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் அதை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, உடையவில்லை என்றார்.

"சரி," என்றார் அப்பா.

"விரலா, நானா?" என்றார் டாக்டர்.

"நீங்க. விரலுக்கு ரெண்டு நாள் போகட்டும்."

மகள் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். வைத்த கையில் எப்படியோ கிரீஸ் ஒட்டியிருந்தது. சேலையில் ஐந்து விரலும் பதிந்தன.

"எல்லாரும் அழுது முடிச்சாச்சுன்னா," என்றார் நர்ஸம்மா, "தேதிய உள்ள போய்க் குறிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம். சைக்கிள மாட்டிட்டு வாங்க. நாளைக்குக் காலைல பால் வாங்கணும்."