பதினேழோடு நிறுத்தியவர்கள்

சுகிர்தாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐநூற்றுப் பதினொன்று. ஆறு இலக்கம். சோபா போதவில்லை. கூடம் கொஞ்சம் நீண்டு இடம் கொடுத்தது.

அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். மாப்பிள்ளை பகா எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதவர். அதாவது, உள்ளே வேறு ஆள் இருக்கக் கூடாது. அவளுடைய அக்கா பகு எண்ணைக் கட்டிக்கொண்டவள். அத்தான் ஏப்பம் விட்டால் ஆறு பேர் ஏப்பம் விடுவார்கள்.

"சொக்கத் தங்கம்மா," என்றார் தரகர் நல்லசிவம். "ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. எல்லாத்தாலயும் வகுத்துப் பார்த்தாச்சு. எதுல வகுத்தாலும் மீதி ஒண்ணு."

சுகிர்தா கேசரித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளை ஸ்பூனைத் தொடவில்லை. கையால் அள்ளினார். அவருடைய பூஜ்யம் ஈரமாக இருந்தது. இலக்கங்கள் ஒட்டும் இடங்களில் புளித்த மாவு வாடை. அவர் விழுங்கிய பிறகும் மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

சுகிர்தா பி.எஸ்சி. கணிதம். அதிகம் பேசாதவள். தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"பத்தொன்பதால யாராவது வகுத்தீங்களா?"

மின்விசிறி நின்றது.

"பதினேழோட நிறுத்துறதுதாம்மா வழக்கம்," என்றார் தரகர். "அதுக்கு மேல தோண்டினா எந்தக் குடும்பம் தாங்கும்?"

அவள் மனதுக்குள் வகுத்தாள். மீதி வரவில்லை.

மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான் தெறித்தது. உள்ளேயிருந்து பத்தொன்பது தலையை நீட்டினார். வாய் நிறையக் கேசரி. அவருக்குப் பின்னால் தொண்ணூற்றேழு. கடைசியாக, தலைமுடியெல்லாம் நெய்யோடு, இருநூற்று எழுபத்தேழு. மூவரும் நசநசவென்று சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை என்று தனியாக யாரும் மிஞ்சவில்லை. சட்டை மட்டும் கிடந்தது.

சுகிர்தா தட்டோடு பின்னால் நகர்ந்தாள். "எனக்கு வேண்டாம்மா."

"ஏண்டி, ஒண்ணு கேட்ட. மூணு வந்திருக்கு," என்றாள் அம்மா. "மூணும் பகா எண்தானே?"

"ஒருத்தர்கூட ரெண்டு தடவ வரல பாருங்க," என்றார் தரகர். "கௌரவமான குடும்பம்."

பத்தொன்பது விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். "எங்கள வகுத்துட்டாங்க. பொண்ண வகுத்தீங்களா?"

"பதினேழு வரைக்கும் பார்த்தாச்சு தம்பி," என்றாள் அம்மா அவசரமாக.

"அதுக்கு மேல?"

அம்மா சுகிர்தாவின் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது எழுந்து வந்தார். கையைப் பேன்ட்டில் துடைத்தார். துடைத்தும் பிசுபிசுத்த விரலை அவள் நெற்றியில் வைத்தார். மீதி ஒன்றாவது வர வேண்டும் என்று சுகிர்தா வேண்டிக்கொண்டாள்.

அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் அவளுக்குள் யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. ரவிக்கையின் மேல் கொக்கி உள்ளிருந்து கழன்றது.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"காபிக்கு இன்னும் எத்தன டம்ளர் வேணும்?" என்று அங்கிருந்தே கேட்டாள்.