சுவரில் தேய்ந்த ரொட்டி

ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய டெர்மெஸ் நகரில் ஓய்னிசாவின் வீட்டுச் சுவரில் தொங்கிய ரொட்டியை, பத்திரிகையில் போருக்கு ஒரு காரணம் வரும்போதெல்லாம் யாரோ ஒரு வாய் கடித்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி, பட்டாளத்துக்குப் போகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடித்துச் சுவரில் தொங்கவிட்டுப் போவான். திரும்பி வந்து அவனேதான் மிச்சத்தைத் தின்ன வேண்டும். அவள் மகன் நோர்கோபிலும் அப்படித்தான் கடித்துவைத்துவிட்டு, ஆற்றுப்பாலம் தாண்டி ஆப்கானிஸ்தானுக்குப் போனான். நம் பையன்கள் அங்கே மரம் நடுகிறார்கள் என்று செய்தி வந்த காலையில் இரண்டாவது கடி விழுந்திருந்தது. அந்த நாட்டுக்காரர்களே நம்மை அழைத்தார்கள் என்றபோது மூன்றாவது. பள்ளிக்கூடம் கட்டுகிறோம், எல்லையைக் காக்கிறோம் என்று காரணம் மாற மாற ரொட்டி தேய்ந்தது. எலியோ என்று ஓய்னிசா பூனை வளர்த்தாள், பூனை அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. புதுக் கடிகளின் நடுவே, முன்பல் இல்லாதவன் கடித்ததுபோல ஒரு மேடு நின்றது. அதே தெருக்காரன், செய்தி எழுதும் எர்காஷுக்கு முன்பல் கிடையாது. ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்கே போனாள்.

“ஏண்டா, எம்புள்ள ரொட்டிய ஏன் திங்குற?”

“அக்கா, எனக்கென்ன ரொட்டிக்குப் பஞ்சமா?”

“அப்ப வாயத் தொற, வச்சுப் பாப்போம்.”

கச்சிதமாகப் பொருந்தியது. எர்காஷின் சிரிப்பு நின்றது. “மேலேருந்து வர்றதத்தானேக்கா எழுதுறேன்.”

“அந்த மரத்தப் போய்ப் பாத்தியா?”

“இல்ல.”

“பாக்காதத எழுதாத. ரெண்டு வாய்தான் மிச்சம். அவன் வந்து எதத் திம்பான்?”

எர்காஷ் எழுதவில்லை. அடுத்த வாரம் வேறொருவன் எழுதினான்; பல் வரிசை முழுதாக இருந்தவன். ஒரு வாய் மிஞ்சியிருந்தபோது, பற்றவைத்து மூடிய துத்தநாகச் சவப்பெட்டியில் நோர்கோபில் வந்தான். திறக்கக் கூடாது, எங்கே இறந்தான் என்று கல்லறைக் கல்லில் வெட்டக் கூடாது என்றார்கள் அதிகாரிகள். பத்திரிகையில் ஒரு வரியும் வரவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு எர்காஷ் உளியோடு வந்து கல்லில் வெட்டினான்: ‘ஆப்கானிஸ்தானில் இறந்தான். எதற்காக என்று சொல்லப்படவில்லை.’

மறுநாள் ரொட்டி முழு வட்டமாகத் தொங்கியது, ஒரு கடி மட்டும் குறைய. எர்காஷின் வேலை போயிற்று. சந்தையில் முலாம்பழம் விற்றான். அதிகாரிகள் கல்லை மாற்றினார்கள், ரொட்டி மாறவில்லை. விருந்தாளிகள் அந்தச் சுவரில் சாயாமல் உட்காரப் பழகிக்கொண்டார்கள். ரேடியோவில் எந்த நாட்டுப் போருக்குக் காரணம் சொன்னாலும் ஓய்னிசா தேநீரை வைத்துவிட்டு எழுந்துபோய் ரொட்டியைத் தடவிப் பார்க்கிறாள். மகன் கடித்த இடத்தில் விரல் நிற்கிறது. பிறகு வந்து, ஆறிய தேநீரைக் குடிக்கிறாள்.