தினேஸ்வரிக்கு என்ன வேலை

நவமணியின் மகள் தினேஸ்வரி சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்பது சுங்கை சிப்புட் ஊர் முழுக்கத் தெரியும். அது என்ன வேலை என்பதுதான் பெற்றவளுக்கே தெரியாது. கோயிலில் சரளா விடுவாளா? "கம்ப்யூட்டரா அக்கா? நம்ம வீட்டு லேப்டாப் செத்துக் கெடக்கு, வந்தா பாக்கச் சொல்லுங்க லா!"

நவமணி சிரித்து வைத்தாள். கேலி உறைக்கவில்லை. ஞாயிறுதோறும் மகளோடு பேசும் பேச்சு "சாப்ட்டியா", "அங்க மழையா" என்பதோடு தீர்ந்துபோவதுதான் உறைத்தது. வேலையைப் பற்றிக் கேட்டால், "சொன்னா புரியாதும்மா." அத்தோடு சரி.

நாசி கண்டார் சோற்றுக்கடை ஜுபைர் இருக்கிறானே, கோலாலம்பூரில் கணினி வேலையை விட்டுவிட்டு வந்து அப்பா கடையில் குழம்பு ஊற்றுகிறவன், அவன் வாராவாரம் பேஸ்புக்கில் கணினியைப் பற்றித் தமிழில் எழுதுவான். கறிக்கு உப்பு மறந்தாலும் கட்டுரை மறக்காது. நவமணி ஒன்றுவிடாமல் படித்தாள். போதவில்லை. மத்தியான நெரிசலில் கடைக்கே போய் நின்றாள்.

"தம்பி, எம்மக செய்யிறது 'லோட் பேலன்சிங்'காம், எப்பவோ ஒருதடவ சொன்னா. அப்டின்னா?"

"ஒரே நேரத்துல லட்சம் பேரு ஃபோன்ல ஒரே ஆப்பைத் தொறக்குறாங்கக்கா. எல்லாரும் ஒரே கம்ப்யூட்டர் மேல விழுந்தா அது படுத்துரும். எது சும்மா இருக்குன்னு பாத்துப் பிரிச்சு அனுப்பணும். ஒண்ணு படுத்தா அதோட வேலைய மத்ததுக்குப் போடணும்." பின்னால் வரிசை முனகியது. "அக்கா, கோழியா மீனா?"

கல்யாணத்துக்கு முன் ரப்பர் எஸ்டேட்டில் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவள் நவமணி. முகம் மலர்ந்துவிட்டது. "அட, காலைல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல மண்டோரு செய்யிறதுதானே? ஆள் வரலன்னா அவங்க மர நெரைய மத்தவங்களுக்குப் பிரிச்சு விடுவாரே!"

"அதேதான்க்கா! இத நான் எழுதிக்கவா?"

ஞாயிறுவரை பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை. யாரோடு இந்தக் குசுகுசு என்று பக்கத்து வீட்டுப் பிரமிளா சன்னலில் காதை வைத்ததுதான் மிச்சம்.

ஞாயிறு வந்தது. மண்டோர், நெரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஃபோனில் கொட்டினாள்.

"சரியாச் சொல்றம்மா," என்றாள் தினேஸ்வரி. "ஆனா நான் அந்த வேலைலேருந்து மாறி ரொம்ப நாளாச்சு."

நவமணி விடவில்லை. "இப்ப என்ன வேலைம்மா?"

"அது வந்து..."

புரியாது என்று சொல்லிவிடுவாள். அப்புறம் மழையைப் பற்றிக் கேட்க வேண்டியதுதான்.

"இரும்மா. தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன்."

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. கரண்டிச் சத்தம் கேட்டால் மகள் வைத்துவிடுவாளோ என்று, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நவமணி அப்படியே நின்றாள்.