நூறு சதுர சென்டிமீட்டர் புயல்

வானத்தின் மனதை முன்கூட்டியே படித்து மனிதகுலத்தை எச்சரித்த மேதைகளின் வரிசையில் திருப்பூர் ராயபுரம் திருமூர்த்திக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் அவருடைய கம்பெனியில் பாத்ரூம் கதவுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே இருந்த சுவர். மற்ற சுவர்களில் ஆணி இறங்கவில்லை.

2005 கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாக டிவியில் சொன்னார்கள். திருப்பூரில் கடல் கிடையாது. ஆனாலும் திருமூர்த்தி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். முப்பது வருடம் காதர்பேட்டைக் கடைத்தெருவில் உள்பனியன் விற்றவர், முதல் தடவையாக ஜெர்மனிக்கு ஓர் ஆர்டர் பிடித்திருந்தார். பன்னிரண்டாயிரம் சிவப்பு டி-ஷர்ட். வியாழக்கிழமை சரக்கு வாங்கும் பையரின் இன்ஸ்பெக்டர் வந்து சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், வெள்ளிக்கிழமை லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், சனிக்கிழமை கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான். பத்து நாள் தாமதத்தை ஜெர்மன்காரர் பொறுத்துக்கொள்வார். சம்பந்தி பொறுக்கமாட்டார். லாரி வழியனுப்பு விழாவுக்குச் சாமியானா, நாதஸ்வரம் எல்லாம் சொல்லி, 'எக்ஸ்போர்ட்டர் திருமூர்த்தி' என்று போட்ட அழைப்பிதழை சம்பந்தி வீட்டில் தாம்பூலத் தட்டோடு கொடுத்தாகிவிட்டது.

அன்று மதியமே பள்ளிக்கூடத்து இந்திய வரைபடம் ஒன்று வாங்கிவந்து மாட்டினார்.

"புயலுக்கு என்ன வைக்கறதுங்க சார்? குண்டூசி குத்தீரலாமுங்களா?" என்று கேட்டாள் அன்புசெல்வி. ஆர்டர் விவகாரமெல்லாம் பார்ப்பவள் அவள்தான்.

"குண்டூசி என்ன கண்ணு, கொசுக்கடி மாதிரி. புயலுன்னா பார்த்ததும் பயம் வரணும்."

பயம் வரவழைக்கும் கருவி அவர் மேஜையிலேயே இருந்தது. துணியின் கனம் பார்க்கிற ஜி.எஸ்.எம். கட்டர். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சுத்தமாக ஒரு வட்டம் வெட்டிக் கொடுக்கும். சரியாக நூறு சதுர சென்டிமீட்டர். அந்த வட்டத்தைத் தராசில் போட்டு எடை பார்ப்பார்கள்.

கட்டிங் மாஸ்டர் முனீஸ் ஒரு கை நிறைய சிவப்பு வேஸ்ட் துணி கொண்டுவந்தான். திருமூர்த்திக்கு முகம் சுருங்கியது.

"வேஸ்ட்டுல புயல் வைக்கறதாப்பா? நாளைக்குப் பெரிய மனுசங்க நாலு பேரு வந்து பார்ப்பாங்க."

எல்லோரும் போன பிறகு ஆபீஸ் அலமாரியைத் தன் சாவியால் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் சும்மா கிடந்த ஒரு சிவப்புச் சட்டை கண்ணில் பட்டது. இஸ்திரி போட்ட மாதிரி சுருக்கமே இல்லாமல் இருந்தது. அதில் தொங்கிய அட்டையைக் கத்தரித்து உறைக்குள்ளேயே ஒழுங்காகத் திருப்பி வைத்தார். பொருளை வீணாக்காத மனிதர்.

முதல் வட்டம் அந்தமானுக்குக் கீழே ஒட்டப்பட்டது. தீவுகள் பாதி காணாமல் போயின. அந்த வரைபடத்தில் ஒரு வட்டம் வைத்தால் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை மறைந்துவிடும். ஆகவே திருமூர்த்தியின் கணிப்பு தவறுவதற்கு வாய்ப்பே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலைக்குள் கம்பெனி முழுக்கப் புயல் பேச்சுதான். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வட்டம் முன்னேறியது. பழைய வட்டத்தையே நகர்த்தலாமே என்று அன்புசெல்வி சொல்லிப் பார்த்தாள், "வந்த பாதை தெரிய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார். புயலின் வேகத்தை வானிலை ஆய்வு மையம் கிலோமீட்டரில் சொன்னது. அவர் அதைத் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்.

"இப்ப நூத்தி அறுவது ஜி.எஸ்.எம். இருக்குது. கரைக்கு வரப்ப எரநூத்தி நாப்பது ஆயிரும். நல்ல கெட்டிப் புயல்."

"சுருங்குமாங்க சார்?" என்றான் முனீஸ்.

"எதுப்பா?"

"இல்ல, தண்ணில நனைஞ்சா நம்ம துணி அஞ்சு பர்சென்ட் சுருங்கும்லா. அதான் கேட்டேன்."

செக்கிங் பெண்கள் குனிந்து நூல் கத்தரிப்பதில் மும்முரமானார்கள்.

அவர்களில் சுப்பாத்தாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஏனுங்க, நம்மூருக்கு மழை வருமுங்களா? மொட்டை மாடியில மொளகா காயப்போட்டிருக்கறனுங்க."

"உடனே எடுத்து ஊட்டுக்குள்ள வெச்சிருங்க. நாளைக்கு மத்தியானம் கொட்டப்போவுது."

அவள் நம்பினாள். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மிளகாயை அள்ளச் சொன்னாள்.

மதியம் ஐந்தாவது வட்டத்தை ஒட்டிவிட்டு திருமூர்த்தி ஐந்து நிமிடம் கண் மூடி நின்றார். பாத்ரூமுக்குப் போக வந்த இரண்டு பேர் மரியாதையாகக் காத்திருந்தார்கள். கண் திறந்ததும் தீர்ப்பு வந்தது.

"தூத்துக்குடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஹார்பர மூடீருவாங்க. லாரி வியாழக்கிழமையே உள்ள போயிரணும்."

முனீஸுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். "மொதலாளி, இப்பதான் எங்கம்மாகிட்ட பேசினேன். ஹார்பர்ல ஒண்ணாம் நம்பர் கூண்டுதான் ஏத்திருக்காவளாம். எங்க மாமா கடலுக்கே போயிட்டாவ."

"உங்க மாமாவ வரச் சொல்லிருப்பா. அவருகிட்ட மேப் இருக்குதா?"

மாமாவிடம் மேப் இல்லை.

வியாழக்கிழமை வரவேண்டிய இன்ஸ்பெக்டர் பிரபாகரைத் திருமூர்த்தியே போனில் பிடித்து, புதன்கிழமையே வரும்படி கெஞ்சினார். "இயற்கை நம்ம கையில இல்லீங்க சார்" என்று மூன்று தடவை சொன்னார். சாமியானாக்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் ஒரு நாள் முன்னால் வரச் சொல்லித் தகவல் போனது. சம்பந்திக்கும் போனது. அன்று எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட். இரவு ஒன்பது மணிக்கு முட்டை போண்டாவோடு கடைசிப் பெட்டியும் ஒட்டப்பட்டது. வேலை உண்மையிலேயே நன்றாக முடிந்திருந்தது. ஒரு தையல் பிசகில்லை.

புதன்கிழமை காலை புயல் வடக்கே திரும்பிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். ராயபுரத்தில் கண் கூசும் வெயில்.

"திரும்பற மாதிரி ஏமாத்துது" என்றார் திருமூர்த்தி. ஒன்பதாவது வட்டத்தை மனமில்லாமல் ஆந்திராவுக்கு நேரே ஒட்டினார்.

"மொளகா பூரா ஊட்டுக்குள்ள புழுங்கிக் கெடக்குதுங்க" என்றாள் சுப்பாத்தாள், யாரிடமும் சொல்லாத மாதிரி.

பதினோரு மணிக்குப் பிரபாகர் வந்தார். இருபது பெட்டி பிரித்துப் பார்த்தார். அளவு, தையல், கழுத்துப்பட்டி எல்லாம் சரி. கை கழுவப் போனவர் வரைபடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். திருமூர்த்தி பின்னாலேயே போய் அந்தமானிலிருந்து தொடங்கிக் கால் மணி நேரம் விளக்கினார்.

"பிரமாதங்க" என்றார் பிரபாகர். ஒரு வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். "துணிகூட நல்லா இருக்கே."

"நம்ம ஷிப்மென்ட் துணிதானுங்க. வேஸ்ட் வெக்கலீங்க."

"சந்தோசம். சீல் சாம்பிளை எடுங்க. அதோட ஒருதரம் வெச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டர்றேன்."

சீல் சாம்பிள் என்பது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஜெர்மன்காரர் கையெழுத்திட்டு முத்திரை வைத்து அனுப்பிய ஒற்றைச் சட்டை. அது இல்லாமல் எந்த இன்ஸ்பெக்டரும் பேனாவைத் திறக்கமாட்டார். காதர்பேட்டையில் சாம்பிள் என்றால் வந்தவன் போகும்போது தோளில் போட்டுக்கொண்டு போகிற பனியன். திருமூர்த்திக்கு முப்பது வருடமாகத் தெரிந்த சாம்பிள் அதுதான்.

அன்புசெல்வி அலமாரியைத் திறந்து உறையை எடுத்துவந்தாள். உறை லேசாக இருந்தது. கவிழ்த்தாள். கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் மேஜையில் விழுந்தது.

"சார்... இதுக்குள்ள இருந்த சட்டை?"

திருமூர்த்தி அட்டையைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். வாசலில் சாமியானாவுக்குக் கம்பு நடும் சத்தம் கேட்டது.

"அது சும்மா கெடந்துச்சு கண்ணு" என்றார்.

பிறகு தன் மேஜை டிராயரைத் திறந்தார்.

கப்பல் சனிக்கிழமை சொன்ன நேரத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது. அங்கே ஒரு துளி மழை இல்லை. ராயபுரத்துச் சரக்கு பத்து நாள் கழித்து, புதுச் சாம்பிள் வந்த பிறகு, நாதஸ்வரம் இல்லாமல் போனது. வியாழக்கிழமை வந்த சம்பந்தி சாமியானாவில் உட்கார்ந்து காபி குடித்தார். தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார். புயல் என்றார் திருமூர்த்தி.

பிரபாகரின் அறிக்கையிலும் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் எழுதியிருந்தது: மாதிரிச் சட்டையில் ஒன்பது ஓட்டைகள்; முன்பக்கம் ஐந்து, பின்பக்கம் நான்கு.