நூற்று நாற்பது, பன்னிரண்டு

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய வேனுக்குள், எர்மெக் காகிதத்தை ஸ்டியரிங்கின் மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தான். நர்ஸிடம் கெஞ்சி வாங்கிய வெற்றுப் படிவம். சாகப்போகிறவரிடம் அதைச் சொல்கிற வழக்கம் பிஷ்கேக்கில் யாருக்கும் கிடையாது. அம்மாவோ இரண்டு நாளாக ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு உயிரை எடுக்கிறாள்.

"நல்லதா எழுதுடா. தெரிஞ்சா தாங்க மாட்டா, இப்பவே போயிடுவா," என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த பெரியம்மா பாத்மா.

நல்லது என்றால் எவ்வளவு? டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: சிறுநீரகம் போய்விட்டது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, நாளைக்குள் இதயம் நின்றுவிடும். எர்மெக் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன். ஆனாலும் ஏழு வயதில் அம்மா வாய்ப்பாடு மாதிரி உருப்போட வைத்தது மறக்கவில்லை. பொட்டாசியம் நூற்று நாற்பது, சோடியம் பன்னிரண்டு. அதையே எழுதினான்.

அம்மா கன்ஷாயிம் நாற்பது வருஷம் செல்லின் சவ்வில் கண்ணாடி ஊசி குத்தி, எந்த உப்பு உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று அளந்தவள். சம்பளம் நின்றுபோன வருஷங்களில்கூடக் காலையில் சந்தையில் காலுறை விற்றுவிட்டு, மத்தியானம் ஆய்வுக்கூடம் போனாள். அவளிடமா இந்த வேலை? மடையனுக்கு அது தோன்றவே இல்லை.

வார்டில், கட்டிலில் படுத்தபடியே அம்மா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா. போய் டீ வாங்கிட்டு வா."

பாத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"எர்மெக், இது செல்லுக்குள்ள இருக்கிற அளவு. ரத்தத்துல அப்படியே தலைகீழ். பொட்டாசியம் அஞ்சைத் தாண்டினாலே பயம். இந்த ரத்தத்தோட எவளும் படுத்துக்கிட்டுப் பேச மாட்டா. புதைச்சிருப்பாங்க."

அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாளைக்குள்ளன்னாங்க."

"சரி. அக்கா பையில ஆப்ரிகாட் வத்தல் இருக்கும், எடு."

"அது பூரா பொட்டாசியம்மா. டாக்டர் தொடக் கூடாதுன்னு…"

"எல்லாம் நல்லா இருக்குன்னு நீதானே எழுதியிருக்க."

மூன்று வருஷமாக அவள் வாயில் படாத பழம். எர்மெக் சின்னச் சின்னதாகக் கிள்ளி ஊட்டினான். அவள் அவசரமில்லாமல் மென்றாள்.

"எனக்குத் தெரியும்னு அக்காகிட்ட சொல்லாத. தாங்க மாட்டா."

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்ததும், துக்கக் கூடாரத்தின் வாசலில் பாத்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் தெரியாமலே போனா என் தங்கச்சி. அந்த மட்டும் நம்மால ஆச்சு."

"ஆமா, பெரியம்மா."

இடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள், வழக்கப்படி உள்ளே நுழையுமுன் கை கழுவ, கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எர்மெக் கூஜாவை எடுத்து, ஒவ்வொருவர் கையிலும் வெந்நீர் ஊற்றினான்.