தறி ஓடும்போது பேசியது

1

2006 ஐப்பசி, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் பேருந்து. முன் இருக்கையில் ஒரு பெண், மடியில் ஆறு வயது மகள். "எம்பொண்ணு ரத்தத்துல இன்னா தேடப் போறாங்க?" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம். மீதி நான் கட்டியது.

2

அவளுக்கு ஏலவார்குழலி என்று பெயர் வைத்தேன். கணவன் கோதண்டபாணி, அவளுடைய தாய்மாமன். மகள் கிருஷ்ணவேணி. பெரிய காஞ்சிபுரத்தில் வீடு. உள்ளே மூன்று தறிகள்.

முதல் வரி: 'பிறவியிலேயே காது கேளாத அந்தப் பாவப்பட்ட' —

அடித்துவிட்டேன். குழலி படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.

மறுபடி: வேணிக்குக் காது கேட்காது என்பது மூன்று வயதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

(நம்புங்கள். தறி ஓடும் வீட்டில் அந்தச் சத்தத்தில் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பயனில்லை. சோறு, தண்ணீர், இழை அறுந்தது, ஆள் வந்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் கைச்சாடைதான். வேணி மற்றவர்களை முந்திக்கொண்டு கையால் பதில் சொன்னாள். பேச்சு மெதுவாக வரும், பெண் கெட்டிக்காரி என்றார்கள். இரண்டாவது சரி.)

3

மருத்துவர் சொன்னது: சொந்தத்தில் கல்யாணம், மரபணுவில் காரணம் இருக்கலாம். வேணியின் ரத்தத்தைச் சோதித்தால் அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா என்று ஓரளவு தெரியும்.

"இவளுக்கு இன்னா கொறைச்சல் டாக்டர்? தெருக்கோடியில இருந்து நான் கை காட்டுனா புரிஞ்சிக்கினு பதில் சொல்லுவா. நீங்க சொல்லுவீங்களா?"

மருத்துவர் சிரித்தார் என்று எழுதியிருந்தேன். மாற்றினேன். "மாட்டேம்மா" என்றார்.

4

கோதண்டபாணியைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவனுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். பயமாகவும் இருக்கிறது.

அடுத்த அறையில் அவன் அம்மா. அவள் காதில் விழக் கூடாது. அவன் தம்பிகளின் தறிகள் ஓடின, அவர்கள் கண் துணியில். அவன் தறி நின்றிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கையால் சண்டை போட்டார்கள். (அவன் கை கொஞ்சம் திக்கும். அவள் கை திக்காது.)

"டெஸ்ட் எடுத்தா இன்னா தேஞ்சா போயிடுவா?"

"எடுத்து, ஆமான்னு வந்தா?"

"இவளோட நிறுத்திக்கலாம்."

"என்னக் கட்டிக்கினப்ப எந்த டெஸ்ட்டு எடுத்த, மாமா?"

காது கேட்பவர்களிடமிருந்தெல்லாம் மறைத்தார்கள். எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவளை மறந்தார்கள்.

5

முடிவு அ: ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அப்பா வேணியின் கையைப் பிடித்துக்கொண்டு

முடிவு ஆ: போகும் வழியில் வாலாஜாபாத்திலேயே குழலி இறங்கிவிடுகிறாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு

இரண்டையும் விட்டுவிட்டேன். கையைப் பிடித்துவிட்டால் அவள் எப்படிப் பேசுவாள்?

ஆகவே தறிக்கே, அந்தச் சண்டைக்கே திரும்புகிறேன். வேணி எழுந்து வந்தாள். இருவருக்கும் நடுவில் நின்றாள். விரல் தன் நெஞ்சைத் தொட்டது, பிறகு அம்மாவின் வயிற்றை. வேகமாக, திக்காமல். இந்தக் கதையில் இதைவிட நல்ல வாக்கியம் என்னிடம் இல்லை. எழுத்தில் வைப்பது மட்டும் என் வேலை. பதிலை நான் எழுதப் போவதில்லை.

"தம்பி என்னை மாதிரியே இருந்தா, உங்களுக்கு வேணாமா?"